பெயர் எழுதாத பாட்டு



காதல் பாட்டுகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். எந்தக் காதல் பாட்டு என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பாட்டுகளை வகுப்பில் நடத்தியவள் நான். அவற்றைத் தேர்வுக்காகப் படித்தவர்களைவிட, பிப்ரவரி மாதத்தில் ஒருவருக்குக் கொடுப்பதற்காகத் தேடி வந்தவர்களிடம்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். அதனால் இன்று பாடம் நடத்தப் போவதில்லை. காதலர் தினத்தன்று ஒருவர் இன்னொருவருக்கு ஒரு பாட்டைக் கொடுக்கிறாரே, அந்தச் செயலைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரி 13 மாலை. தமிழ்த்துறையைப் பூட்டும் நேரம். மூன்றாம் ஆண்டு வேதியியல் படித்த மாணவர் ஒருவர் வாசலில் தயங்கி நின்றார். “அம்மா, ஒரு பாட்டு வேணும். சின்னதா இருக்கணும். எல்லாரும் ஸ்டேட்டஸ்ல போடுறது வேணாம்மா” என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்பது நாகரிகமில்லை என்று நினைத்தேன். குறுந்தொகையைப் புரட்டி, 49ஆம் பாட்டைக் காட்டினேன். அம்மூவனார் பாடியது. இந்தப் பிறப்பு போய் அடுத்த பிறப்பு வந்தாலும் நீயே என் கணவன், நானே உன் மனதுக்கு ஏற்றவள் என்று கடற்கரைத் தலைவி ஒருத்தி சொல்லும் ஐந்து அடிப் பாட்டு. அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அங்கேயே நின்று நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.

நான்கு நாள் கழித்து வந்தார். முகம் வாடியிருந்தது. அந்தப் பெண் எங்கள் துறையிலேயே இரண்டாம் ஆண்டு படித்தவராம். அது எனக்குத் தெரியாது. பாட்டைப் படித்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “நீ யாருகிட்டப் போயிட்டு வந்த?”

அவர் கேட்டது சரி. அந்தப் பாட்டு யார் வாயிலிருந்து, எப்போது வருகிறது என்று பாட்டின் அடியில் ஒரு குறிப்பு இருக்கிறது. பரத்தையிடம் போயிருந்த தலைவன் வீடு திரும்புகிறான். ஆற்றாமல் இருந்த தலைவி அவனைக் கண்டதும் அந்த ஆற்றாமை நீங்கச் சொல்கிறாள். அதைத் தெரிந்துகொண்டு மறுபடி படித்துப் பாருங்கள். ‘அடுத்த பிறப்பில் நான் உன் மனதுக்கு ஏற்றவளாக இருப்பேன்’ என்றால், இந்தப் பிறப்பில் அவள் எங்கே இருக்கிறாள்? அந்த அன்புக்குள் ஒரு முள் இருக்கிறது. அந்த முள்ளை நான் அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்து, பூ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவசரத்தில் நான் செய்த பிழை அது. இன்றைய பேச்சு அங்கிருந்துதான் பிறக்கிறது.

பாட்டைக் கொடுப்பது என்றால் என்ன? அது நாம் எழுதியது இல்லை. யாரோ, எப்போதோ, வேறு யாருக்கோ சொன்னது. அந்தச் சொல் எப்படி என் சொல்லாகும்? ரோஜாவை ஓசூரிலிருந்து வாங்கிக் கொடுக்கலாம்; விளைவித்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. சொல்லை அப்படி வாங்கிக் கொடுக்க முடியுமா?

முடியும் என்று தமிழில் ஒரு பெரிய ஏற்பாடே செய்து வைத்திருக்கிறார்கள். அன்பின் ஐந்திணையில் பாடப்படும் மக்களைச் சுட்டிப் பெயர் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் அகத்திணையியலில் வகுத்த விதி. தலைவன், தலைவி, தோழி, செவிலி, அவ்வளவுதான். ஊர்ப்பெயர் வரலாம், மலையின் பெயர் வரலாம், அரசன் பெயர்கூட உவமையில் வரலாம். காதலிக்கிற அந்த இருவரின் பெயர் மட்டும் வரக் கூடாது. இந்த விதியில் எவ்வளவு உறுதியாக இருந்தார்கள் என்பதற்கு நெடுநல்வாடை சாட்சி. கணவன் பாசறையில் இருக்க, மனைவி அரண்மனையில் தூங்காமல் கிடக்கும் பாட்டு அது. படிக்கிற எவருக்கும் அகப்பாட்டு என்றே தோன்றும். ஆனால் பாசறையில் ஒரு வேலின் தலையில் வேப்பிலை கட்டியிருப்பதாக நக்கீரர் சொல்லிவிட்டார். வேம்பு பாண்டியனின் அடையாளம். ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. எனவே இது புறம் என்று நச்சினார்க்கினியர் முடிவு செய்தார். ஒரு கொத்து இலை ஒரு பாட்டையே அகத்திலிருந்து புறத்துக்குத் தள்ளிவிட்டது.

இதை வகுப்பில் சொல்லும்போது, இலக்கண விதி என்று பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். நான் அதை விதியாகப் பார்ப்பதில்லை. பெயரை எழுதாமல் விட்ட இடத்தில் நீங்கள் உங்கள் பெயரை வைத்துக்கொள்ளலாம். அதற்காகவே காலியாக விட்ட இடம் அது. சாதியும் ஊரும் பட்டமும் தெரியாத இருவர் அங்கே நிற்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டு கழித்து வரும் வேதியியல் மாணவரும் அங்கே போய் நிற்கலாம்.

இன்னும் ஒன்று. பாட்டுக்குள் இருப்பவர்கள் மட்டுமல்ல, பாடியவர்களில் சிலரும் பெயரை இழந்துவிட்டார்கள். குறுந்தொகையில் நானூறு பாட்டுகளுக்கு மேல். பாடியவர்கள் ஏறக்குறைய 205 பேர். அவர்களில் சிலரின் இயற்பெயர் தொகுத்தவர்களுக்கே தெரியாமல் போயிருக்கிறது. அதனால் அவர்கள் பாட்டில் வைத்த உவமையையே எடுத்துப் பெயராகச் சூட்டிவிட்டார்கள். செம்புலப் பெயனீரார். மீனெறி தூண்டிலார். அணிலாடு முன்றிலார். ஓரேருழவனார். ஒரு மனிதரின் பெயர் அழிந்து, அவர் கண்ட ஒரு காட்சி பெயராக நின்றுவிட்டது. ஓரேருழவனாரை மட்டும் சற்று நின்று பாருங்கள். மழை பெய்து நிலம் ஈரமாக இருக்கிறது. உழவனிடம் இருப்பது ஒரே ஏர். வயல் காய்வதற்குள் உழுதாக வேண்டும். கூட ஆள் இல்லை, இரவல் மாடு இல்லை. அந்த உழவனின் பதைப்பு எப்படி இருக்கும்? அவளிடம் திரும்பிப் போகும் வழியில் என் நெஞ்சு அப்படிப் பதைக்கிறது என்கிறான் தலைவன். எங்கள் அப்பாவுக்கு ஒரு ஜோடி மாடுதான் இருந்தது. மழை விட்ட மறுநாள் காலை அவர் காபிகூடக் குடிக்காமல் வயலுக்கு ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம் எனக்குத் தலைவன் முகம் தெரிந்ததில்லை. அப்பாவின் முதுகுதான் தெரிந்தது. வேலைக்காக வெளியூரில் இருந்து, விடுப்பு கிடைத்து, பேருந்தில் இரவெல்லாம் தூங்காமல் ஊருக்கு வருகிறவர் யாராவது இங்கே இருந்தால், உங்களுக்கு உரிய பாட்டு இது. எண் 131. எழுதிக்கொள்ளுங்கள்.

செம்புலப் பெயனீராரை விட்டுவிட்டு மேலே போக முடியாது. குறுந்தொகை 40. இன்று தமிழ்நாட்டில் திருமண அழைப்பிதழ்களில் அதிகம் அச்சாகும் சங்கப் பாட்டு இதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். 1997இல் ‘இருவர்’ படப்பாடலில் அதன் தொடர்கள் வந்த பிறகு, படிக்காதவர்கள் வாயிலும் அது புகுந்துவிட்டது. அதற்கு முன்பே ஏ.கே. ராமானுஜன் ஆங்கிலத்தில் கொண்டுபோனார். 1967இல் வந்த ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ தொகுப்பில் அது இருக்கிறது. லண்டன் சுரங்க ரயில் பெட்டிகளில் விளம்பரங்களுக்கு நடுவே கவிதைகளை வைக்கும் வழக்கம் 1986இல் தொடங்கியது. அங்கேயும் இந்தப் பாட்டுக்கு இடம் கிடைத்தது. வேலைக்குப் போகிற அவசரத்தில், கம்பியைப் பிடித்து நின்றபடி, தமிழ் என்ற சொல்லையே கேட்டிராத ஒருவர், பெயர் தெரியாத ஒரு தமிழ்ப் புலவர் பாடிய, பெயர் சொல்லாத இருவரின் பாட்டைப் படித்திருப்பார். நினைத்தால் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

ஆனால் அந்தப் பாட்டையும் யார், எப்போது சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இருவரும் முதன்முதலாகச் சேர்ந்த பிறகு, இவன் விட்டுப் போய்விடுவானோ என்று அவள் முகத்தில் ஓர் அச்சம் வருகிறது. அவள் வாய் திறக்கவில்லை. முகத்தைப் பார்த்தே அவன் தெரிந்துகொள்கிறான். அதற்குப் பதிலாகத்தான் பேசுகிறான்: உன் தாய் யாரோ, என் தாய் யாரோ, நம் தந்தையர்க்குள் என்ன உறவு, நீயும் நானும் ஒருவரை ஒருவர் எப்படி அறிந்தோம், ஆனாலும் செம்மண்ணில் விழுந்த மழைபோல நம் நெஞ்சு கலந்துவிட்டது. அது கொண்டாட்டப் பேச்சு அல்ல, ஆறுதல் பேச்சு. பயந்திருப்பவளிடம் சொல்வது. மழைநீர் செம்மண்ணில் விழுந்த பிறகு அதை மறுபடி வெள்ளை நீராகப் பிரித்தெடுக்க முடியாது என்பதுதான் அவன் தரும் உறுதி.

தாய்க்கும் தாய்க்கும் உறவில்லை, தந்தைக்கும் தந்தைக்கும் உறவில்லை என்பதை இவ்வளவு துணிவாகச் சொன்ன பாட்டைச் சொந்தத்துக்குள்ளேயே நடக்கும் திருமணங்களின் அழைப்பிதழிலும் பார்க்கிறேன். அழகாக இருக்கிறது என்று போடுகிறார்கள். தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் உறவு எதுவும் இல்லாமல், வீட்டார் எதிர்ப்பைத் தாண்டிச் சேர்ந்த இரண்டு பேர் தங்கள் அழைப்பிதழில் இதைப் போட்டால் அதன் ஒவ்வொரு சொல்லும் எடை கூடி நிற்கும். பாட்டு ஒன்றுதான். கொடுக்கிறவர் கையைப் பொறுத்து அதன் கனம் மாறுகிறது.

பெயரை நீக்கிவிட்டார்கள், ஆனால் யார் யாருக்குச் சொன்னது என்பதை நீக்கவில்லை. அதற்குக் கூற்று என்று பெயர். அகப்பாட்டில் புலவர் தம் வாயால் ஒரு சொல்லும் பேசுவதில்லை. தலைவன் பேசுவான், தோழி பேசுவாள், செவிலி பேசுவாள், சில சமயம் வழியில் கண்டவர்கள் பேசுவார்கள். எல்லாமே ஒருவர் வாய், இன்னொருவர் காது. சில சமயம் மூன்றாவது காதும் இருக்கும். தேவகுலத்தார் பாடிய குறுந்தொகை 3, நிலத்தையும் வானையும் கடலையும்விடப் பெரிது என் காதல் என்று தலைவி சொல்லும் பாட்டு, எல்லாருக்கும் தெரிந்தது. அதை அவள் தலைவனிடம் சொல்லவில்லை, தோழியிடம் சொல்கிறாள். தோழி தலைவனைக் குறை சொல்கிறாள், இவள் மறுக்கிறாள். தலைவனோ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். நேரில் சொன்னால் புகழ்ச்சி. வேலிக்கு வெளியே நிற்பவன் காதில் விழும்படி தோழியிடம் சொன்னால் அது உண்மை. நம் வீடுகளில் பெண்கள் இன்றும் இப்படிப் பேசுகிறார்கள். கணவருக்குச் சொல்ல வேண்டியதைக் குழந்தையிடம் சொல்வார்கள்.

கூற்றைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சிலப்பதிகாரத்தைவிடப் பெரிய சான்று எங்கும் இல்லை. புகாரில் இந்திர விழா. இருபத்தெட்டு நாள் நடக்கும் விழா என்பது மணிமேகலையின் கணக்கு. விழா முடிகிறது. உவா நாளில் ஊரே கடலாடப் போகிறது. கோவலனும் மாதவியும் கடற்கரையில் புன்னை நிழலில் அமர்கிறார்கள். மாதவி யாழைச் சுருதி கூட்டி அவன் கையில் தருகிறாள். அவன் காவிரியையும் கடற்கரைக் கானலையும் பாடுகிறான். அவன் பாடியவை யாவும் பெயர் இல்லாத பாட்டுகள். பெரும்பாலும் யாரோ ஒரு நெய்தல் தலைவன் யாரோ ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்பவை. வேறு ஒருத்தியை மனதில் வைத்துப் பாடுகிறான் என்று மாதவி நினைத்துக்கொள்கிறாள். ஊடலாக, தானும் ஒருவனை நினைத்தவள்போல யாழை வாங்கிப் பாடுகிறாள். அதை அவன் உண்மை என்று எடுத்துக்கொள்கிறான். எழுந்து போய்விடுகிறான். மதுரைக்குப் போகும் வழி அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. விழா முடிந்த வேளையில் காதலர் இருவர் பகிர்ந்துகொண்ட பாட்டு, ஒரு நகரம் எரிவதில் போய் நின்றது. இது யார் கூற்று என்று இருவரில் ஒருவர் கேட்டிருந்தால்? இளங்கோவடிகள் ஊழ் என்று சொல்கிறார். அதை மறுக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் இந்தப் பாட்டுகள் வரும் கானல்வரியை ஒவ்வொரு முறை நடத்தும்போதும் அந்த இடத்தில் என் குரல் நின்றுவிடும்.

அதற்கு அடுத்து வருவதைப் பலர் கவனிப்பதில்லை. மாதவி அவனுக்கு எழுதுகிறாள். பூக்களைத் தொடுத்த மாலையின் நடுவே முற்றிய தாழம்பூவின் வெள்ளை மடல்; அதுதான் ஓலை. செம்பஞ்சுக் குழம்பு மை. பிச்சி அரும்பு எழுத்தாணி. இளவேனில் வந்துவிட்டது, தனித்திருப்பவர்களை அது வாட்டுகிறது என்று எழுதித் தோழி வயந்தமாலையிடம் கொடுத்தனுப்புகிறாள். இன்று கடைகளில் விற்கும் எந்த அட்டையும் அந்தத் தாழம்பூ மடலுக்கு ஈடாகாது. அவன் அதை வாங்கவே இல்லை. ஆடல்மகளின் நடிப்பு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டான்.

அவள் மறுபடி எழுதினாள். அது மதுரைக்கு வெளியே, கௌசிகன் என்பவர் கையில் வந்து சேர்கிறது. மடலின் மண் முத்திரையில் அவள் கூந்தலை அழுத்திப் பதித்திருக்கிறாள். ஈர மண்ணில் கூந்தலின் நெய்வாசம் ஏறியிருக்கிறது. சேர்ந்து வாழ்ந்த நாளில் அவன் அறிந்த வாசம். பிரிக்கும் முன்பே அது யாருடையது என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. இந்த முறை அதில் வேனிலும் இல்லை, நிலவும் இல்லை. காலில் விழுகிறேன், குற்றம் என்ன என்று தெரியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதுபோலப் பணிவான சொற்கள். படித்ததும் அவள் மேல் தவறில்லை, தன் மேல்தான் தவறு என்று தெளிகிறான். பிறகு ஒரு காரியம் செய்கிறான். இந்தச் சொற்கள் நான் என் தாய் தந்தைக்குச் சொல்ல வேண்டியவையாகவே இருக்கின்றன. கொண்டுபோய் அவர்களிடம் கொடு என்று அந்த மடலையே கௌசிகனிடம் திருப்பித் தருகிறான். காதலி காதலனுக்கு எழுதிய கடிதம், மகன் பெற்றோருக்கு எழுதிய கடிதமாகிறது. ஒரு சொல்லும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பகிர்தல் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த மிக உயர்ந்த பொருள் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

காதலர் தினம் வெளிநாட்டு வழக்கம் என்று சொல்பவர்கள் உண்டு. பெயர் அங்கிருந்து வந்ததுதான். வசந்தத்தில் காமவேளுக்கு விழா எடுத்ததைப் பாலைக்கலி பேசுகிறது. எனவே இப்படி ஒரு நாள் நமக்குப் புதிதில்லை என்று மட்டும் சொல்லி அந்த வழக்கை விட்டுவிடுகிறேன். அங்கிருந்தும் நமக்குப் பழக்கமான ஒரு கதை இருக்கிறது. 1477 பிப்ரவரியில், இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் மார்ஜரி புரூஸ் என்ற பெண், தான் மணக்க விரும்பிய ஜான் பாஸ்டனுக்கு எழுதிய கடிதம். அவனைத் தன் வாலன்டைன் என்று அழைக்கிறாள். ஆங்கிலத்தில் கிடைத்திருக்கும் காதலர் தினக் கடிதங்களில் மிகப் பழையது என்று அதைச் சொல்கிறார்கள். பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. விஷயம் என்ன? வரதட்சணை. பையன் வீட்டில் எதிர்பார்ப்பதைக் கொடுக்க அவள் தந்தை சம்மதிக்கவில்லை. அம்மா எவ்வளவோ பேசிப் பார்த்தும் தொகை ஏறவில்லை. நீ என்னை நேசிப்பது உண்மையானால் இதற்காக என்னை விட மாட்டாய் என்கிறாள். நடுவே சில வரிகள் எதுகையோடு பாட்டாகவே வருகின்றன. கடிதத்தை எழுதியது அவள் கை அல்ல. அவள் சொல்லச் சொல்ல, தந்தையிடம் வேலை பார்த்த எழுத்தர் எழுதினார். இரவல் கை, இரவல் எதுகை. ஆனால் வலி அவளுடையது. அந்த ஆண்டே அவர்களுக்குத் திருமணம் நடந்தது.

திருக்குறளைச் சொல்லாமல் போனால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். காமத்துப்பால் 25 அதிகாரம், 250 குறள். ஒவ்வொன்றும் ஒருவர் கூற்று. ஒன்றே முக்கால் அடி என்பதால் கைப்பேசித் திரைக்குப் பொருத்தம் என்று எல்லாரும் எடுக்கிறார்கள். பெரும்பாலும் திருமணத்துக்கு முந்தைய காதலைச் சொல்லும் களவியலிலிருந்து எடுக்கிறார்கள். திருமணமாகிப் பத்து ஆண்டு கடந்தவர்களுக்கு நான் புலவி நுணுக்கம் என்ற 132ஆம் அதிகாரத்தைச் சொல்வேன். அதில் ஒருவன் தும்முகிறான். அவள் வழக்கம்போல வாழ்த்துகிறாள். வாழ்த்திய வாய் மூடும் முன்பே, உங்களை நினைத்தவள் யார் என்று கேட்டு அழுகிறாள். புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று நம் வீட்டில் சொல்வதில்லையா? நீண்ட நாள் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குத்தான் அந்த அழுகையில் இருக்கும் இனிப்பு தெரியும். பிள்ளைகளுக்கு அதை இப்போது கொடுக்காதீர்கள்.

ஒரு பாட்டை மட்டும் கடைசிக்கு என்று வைத்திருந்தேன். குறுந்தொகை 167. கூடலூர் கிழார் பாடியது. அதில் காதல் என்ற சொல் இல்லை. நிலவு இல்லை, மழை இல்லை. ஒரு பெண் கெட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள். புதுக்குடித்தனம். பழக்கம் போதவில்லை. பிசைந்த விரலைக் கட்டியிருக்கும் சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள், மாற்றப் பொழுதில்லை. தாளிக்கிறாள், புகை மை தீட்டிய கண்ணில் ஏறுகிறது. தானே துழாவிச் சமைத்த புளிப்புக் குழம்பு. மோர்க்குழம்பு என்றுதான் நான் வகுப்பில் சொல்வேன். கணவன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிடுகிறான். அவள் முகம் மலர்கிறது. ஆனால் தெரிந்தும் தெரியாமலும், நுட்பமாக மலர்கிறது. அவ்வளவுதான் பாட்டு.

அந்த நுட்பமான மலர்ச்சியை யார் பார்த்தது? கணவன் இல்லை, அவன் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். வளர்த்த செவிலித்தாய் பார்த்தாள். மகள் எப்படிக் குடித்தனம் நடத்துகிறாள் என்று பார்க்க அந்த வீட்டுக்குப் போனவள், திரும்பி வந்து பெற்ற தாயிடம் சொல்கிறாள். வீட்டில் செல்லமாக வளர்ந்தவள் சேலையில் கையைத் துடைத்தாள் என்று சொல்லும்போது அந்தத் தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? அவன் நன்றாக இருக்கிறது என்று சொன்னான் என்றதும் எப்படி ஆறியிருக்கும்? ஒரு பெண் சந்தோஷமாக இருக்கிறாள் என்ற செய்தியை, அங்கே இல்லாத இன்னொரு பெண்ணுக்குக் கொண்டு சேர்க்கும் பாட்டு இது.

முதலில் சொன்ன அந்த இருவரும் பிறகு திருமணம் செய்துகொண்டார்கள். சாதி வேறு. பெண் வீட்டில் யாரும் வரவில்லை. அழைப்பிதழில் பாட்டு எதுவும் இல்லை. ஓராண்டு கழித்து ஒரு பிப்ரவரியில் அந்தப் பெண் எனக்குப் போன் செய்தார். “அம்மா, ஒரு பாட்டு கொடுக்கணும்மா” என்றார். நான் இந்த முறை கேட்டேன்: யாருக்கு?

“எங்கம்மாவுக்கு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒரே அறை, தகர ஓட்டுக்குக் கீழே சமையல் மேடை. சாப்பிட உட்கார வைத்தார். 167ஆம் பாட்டை ஒரு கோடு போட்ட தாளில் எழுதி, மேலே ‘செவிலி நற்றாய்க்கு உரைத்தது’ என்ற குறிப்பையும் எழுதி, கவரில் போட்டு என் கையில் கொடுத்தார். “அம்மாவுக்குப் படிக்க வராதும்மா. நீங்கதான் சொல்லணும்” என்றார்.

நான் போனேன். அந்த ஊர் நான்கு மணி நேரப் பயணம். திண்ணையில் உட்காரச் சொன்னார்கள், உள்ளே கூப்பிடவில்லை. மகளின் அம்மா வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றார். நான் கவரைப் பிரிக்கவில்லை. பாட்டையும் சொல்லவில்லை. நான் பார்த்ததைச் சொன்னேன். தகர ஓட்டுக்குக் கீழே அடுப்பு இருக்கிறது, வெயில் கொஞ்சம் அதிகம். மோர்க்குழம்பு வைத்தாள். தாளிக்கும்போது கண்ணைக் கசக்கினாள். மாப்பிள்ளை இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கூடலூர் கிழாரின் பாட்டில், இதைக் கேட்ட நற்றாய் என்ன சொன்னாள் என்று இல்லை. இந்த அம்மா வெகு நேரம் பேசவில்லை. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்:

“வெண்டைக்காய் போட்டாளா, பூசணிக்காயா?”

பூசணிக்காய் என்றேன்.

“அவளுக்கு அதுதான் பிடிக்கும்” என்றார். “உள்ள வாங்க டீச்சர்.”